நின்று ஓட்டும் மெசினும் நான் விட்டு வாசித்த சொற்களும்

"உன்ட வாப்பாவுக்குக் கையெழுத்து வைக்கவும் தெரியா. நீ வாசிச்சுச் சொல்றத்த நம்பி நான் கடல்ல எறங்கவா, புள்ள?"

எனக்கு அண்ணன் முறையான றசீத் காக்கா கடை மேசைக்கு முன்னால் நின்று இப்படிக் கேட்டபோது எனக்கு இருபது வயது. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. என் வாப்பா நிந்தவூர்க் கடற்கரையில் கரைவலை இழுப்பவர். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பெருவிரலை மையில் அழுத்தி வைப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கிலீசுக் கடிதத்தைத் தடங்காமல் வாசிக்கிற பிள்ளை என்று கேள்விப்பட்டுத்தான் முதலாளி ஹாஜியார் என்னைக் கல்முனைக்கு, இந்தக் கடைக்கு எடுத்தார். ஆகவே அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அந்தச் சூட்டோடுதான் நான் என் பெரிய பிழையைச் செய்தேன்.

என் கதிரைக்கும் பக்கத்துக் கதிரைக்கும் இந்த வாரம் வந்திருக்கும் தங்கச்சிமாரே, இதை உங்களுக்காக எழுதிவைக்கிறேன். எந்த உதிரிப்பாகம் எந்தத் தட்டில் இருக்கிறது, கொழும்புக்குக் கடிதம் எப்படித் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் நாலு நாளில் உங்களுக்குப் பழகிவிடும். நான் சொல்லப்போவது அப்படிப் பழகிவிடுகிற விசயம் அல்ல. நாலு வருடம் கழிந்தும் எனக்கு அது பழகவில்லை.

நம் கரையை அழித்த அந்தச் சூறாவளிக்கு அடுத்த வருடம் அது. இறக்குமதிக்கு வழி திறந்துவிட்டதால், வள்ளத்து இயந்திரங்கள் விற்கிற நமது கடைக்குக் கொழும்பு முகவர் புதிது புதிதாக விளக்கப் புத்தகங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றில்தான் அந்த மெசின் இருந்தது. தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று சொல்லலாம். ஆனால் இருக்கை கிடையாது. பின்பக்கம் ஒரு தட்டையான இடம், முன்னால் நீளமாக ஒரு கைபிடித் தண்டு, அவ்வளவுதான். முதலில் முழங்காலில் இருந்து, வேகம் பிடித்த பிறகு எழுந்து நின்று ஓட்ட வேண்டும்.

றசீத் காக்காவுக்கு அது புதிதல்ல. மூன்று வருடம் வளைகுடாவில் ஒரு கடற்கரைக் கிளப்பில் வேலை செய்தவர். பணக்காரப் பிள்ளைகள் ஓட்டிவிட்டு வரும் மெசின்களைக் கழுவித் துடைப்பதுதான் வேலை. ஊருக்கு வந்தபோது நாலு வயது மகள் அவரை அடையாளம் தெரியாமல் "அந்த மாமா" என்றாள். அன்று இரவே, இனித் திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பொத்துவில் பக்கம் அலையில் விளையாட வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வாடகைக்கு விட ஒரு மெசின் வேண்டும். இந்தக் கரையில் அப்படி ஒன்றை வாங்கப்போகும் முதல் ஆள் அவர்தான்.

"ஓட்டிப் பழக்கமா, றசீத்?" என்று ஹாஜியார் கேட்டார்.

"மூணு வருசம் அதுக்குச் சவர்க்காரம் போட்டவன் நான், ஹாஜியார்! அதுட ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும்."

"ஏறி இரிக்கியா?"

"ஏற உட மாட்டானுகள்."

அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்காகப் பதில் சொன்னது அவருடைய மனைவி சுபைதா ராத்தா. "நீங்க அனுப்பின காகிதமெல்லாம் இவள்தானே எனக்கு வாசிச்சுக் காட்டினாள்? அப்ப நம்பினீங்க. இப்ப நம்புறதுக்கு என்ன வருத்தம்?"

உண்மைதான். சுபைதா ராத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. மூன்று வருடமும் காகிதம் வந்தால் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். நான் வாசிப்பேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார். அவர் சொல்லும் பதிலையும் நானே எழுதுவேன்.

புத்தகத்தில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று ஒடுக்கமான சிவப்பு மெசின், மற்றது அகலமான வெள்ளை மெசின். றசீத் காக்காவின் விரல் சிவப்பை விட்டு நகரவேயில்லை. அவர் கழுவியது அதைத்தானாம். படத்துக்குக் கீழே, ஓட்டுபவர் எவ்வளவு பாரம் வரை இருக்கலாம் என்று ஒரு வரி. அதைக் கண்டேன். ஆனால் கலியாணமாகாத ஒரு குமர்ப்பிள்ளை, பெண்சாதியும் பக்கத்தில் நிற்க, ஓர் ஆம்பிளையைப் பார்த்து "உங்கட பாரம் எவ்வளவு?" என்று கேட்பதா? கேட்கவில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

"விழுந்தா என்ன செய்ற?" என்றார் சுபைதா ராத்தா.

அதற்கும் ஒரு வரி இருந்தது. என் கெட்டித்தனத்தைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? நிமிர்ந்து நின்று வாசித்தேன். "ஓட்டுபவர் விழுந்தால் மெசின் தானாகவே வேகம் குறைந்து, வட்டமடித்து, அவரிடம் திரும்பி வரும். துரத்திப் போகக் கூடாது. விழுந்த இடத்திலேயே காத்திருக்க வேண்டும்."

கடை முழுவதும் வாயைப் பிளந்தது.

"மாஷா அல்லாஹ்! மஃரிபுக்கு வீடு வாற ஆடு மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார் ஹாஜியார். றசீத் காக்கா என்னை ஒருதரம் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது சந்தேகம் இல்லை. அதைத்தான் நான் விரும்பியிருந்தேன்.

ஓடவிட்டுப் பார்த்துப் பிடித்தால் எடுப்பது, இல்லையென்றால் அதே லொறியில் திருப்பி அனுப்புவது என்ற பேச்சில் சிவப்பு மெசின் வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து நிந்தவூர்க் கடற்கரையில் பாதி ஊர் கூடிவிட்டது. சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்றபடி ஆட்கள் இழுப்பார்கள். வாப்பா இந்தப் பக்கத்துக் கயிற்றில் நின்றார்.

நானும் உம்மாவும் சூறாவளி முறித்துப் போட்ட தென்னங்குற்றி ஒன்றின் அருகே ஒதுங்கி நின்றோம். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே ஒரு குமர் குரல் எழுப்புவது நம்மிடத்தில் வழக்கமில்லை, உங்களுக்குத் தெரியும். எனவே புத்தகத்தைப் பார்த்து நான் மெதுவாகச் சொல்வேன். ஹாஜியார் அதைப் பெரிய சத்தத்தில் ஆட்களுக்குச் சொல்வார். மிதக்கும் மேற்சட்டை போட வேண்டும் என்று சொன்னேன். ஹாஜியார் முழங்கினார்.

"கடற்கரையில பொறந்தவனுக்குச் சட்டையா?" என்று கூட்டம் சிரித்தது. றசீத் காக்காவும் சிரித்துக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டினார்.

"விழுந்தாத் துரத்தாதீங்க, காத்திருக்கச் சொல்லுங்க" என்றேன். ஹாஜியார் அதையும் சொன்னார். மூன்று தரம் சொன்னார்.

முதல் நாலு தரமும் எழும்ப முதலே றசீத் காக்கா விழுந்தார். ஒடுக்கமான மெசின் அவருடைய பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து மூக்கைத் தூக்கியது. "காக்கா, அது நிண்டு ஓட்டுறதா, விழுந்து ஓட்டுறதா?" என்று கயிறு இழுப்பவர்கள் கேலி பண்ணினார்கள். ஐந்தாம் தரம் எழும்பி நின்றுவிட்டார்! உண்மையாகவே தண்ணீரின் மேல் நின்றார். கரை முழுதும் கூவியது. சுபைதா ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அலை உடையும் இடத்தையும் தாண்டி றசீத் காக்கா போனார். அங்கே ஒரு பெரிய அலை வந்து தூக்கியது. விழுந்தார்.

மெசின் வேகம் குறைந்தது. மூக்கைத் திருப்பியது. வட்டமடித்தது. நான் வாசித்தது போலவே!

"இந்தா திரும்புது!" என்று ஆட்கள் கத்தினார்கள். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பெருமையோடு நான் எங்கும் நின்றதில்லை.

இரண்டாவது வட்டம் கரைப் பக்கமாகத் தள்ளி விழுந்தது. மூன்றாவது இன்னும் இந்தப் பக்கம். பாரமில்லாத மெசினைக் காற்று கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் தண்ணீர் அந்த இடத்தில் வெளியே இழுத்தது. றசீத் காக்காவின் தலை சின்னதாகிக்கொண்டு போனது. தலைக்கு மேலே ஒரு கை தூக்கியிருந்தது. முதலில் உதவிக்கு என்று நினைத்தேன். இல்லை. தான் இருக்கும் இடத்தை மெசினுக்குக் காட்டுவதற்காகத் தூக்கிய கை. அவர் நீந்தவேயில்லை. நான் சொன்னபடி காத்திருந்தார்.

"ஹாஜியார், நீந்தச் சொல்லுங்க" என்றேன்.

"பொறு புள்ள. காத்திருக்கோணும் எண்டு நீதானே வாசிச்ச."

"அது போகாது ஹாஜியார், பாருங்க, இங்கால வருது!"

"வட்டம் அடிச்சு வரும். நீ பயப்புடாத."

என் சொல்லே எனக்கு முன்னால் சுவராக நின்றது. அதை இடிக்க ஹாஜியாரின் வாய் உதவாது என்று அப்போது விளங்கியது. உம்மா என் முக்காட்டைப் பிடித்து இழுக்க இழுக்க, ஆம்பிளைகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் விளிம்புக்கு ஓடினேன். "அது வராது! நான் சொன்னது பிழை! காக்கா, நீந்துங்க! நான் சொன்னது பிழை!"

அலை இரைச்சலில் அவருக்கு அது கேட்கவில்லை. ஆனால் கயிற்றில் நின்ற வாப்பாவுக்குக் கேட்டது. கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டார்.

"டேய், கயித்த விடாத! முழு மீனும் போயிரும்!" என்று வலைக்காரர் கத்தினார்.

"எண்ட மகள் பிழை எண்டு கத்துறாள்" என்றார் வாப்பா. "அவள் அப்புடிச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்ல. தோணியத் தள்ளுங்கடா!"

மற்றவர்களும் கயிற்றை விட்டார்கள். தோணியை அலை இரண்டு தரம் கரைக்கே எறிந்தது. மூன்றாம் தரம் தாண்டியது. அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை இறங்கியதைக் கண்டேன். பிறகு தோணி மறைத்துவிட்டது. வாப்பா அவருடைய தலைமயிரில் பிடித்துத்தான் தூக்கினாராம்.

மணலில் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினார்கள். தண்ணீர் தண்ணீராகச் சத்தி எடுத்தார். கண் திறந்ததும் அவருக்கு முன்னால் நின்றது நான்தான். "வருமெண்டு பாத்துட்டிருந்தன், புள்ள" என்றார். கோபம் துளியும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உம்மா, அந்த மாமா ஏன் சத்தி எடுக்கார்?" என்று அவருடைய மகள் கேட்டாள்.

கொஞ்சம் கழித்து மெசின் தானாகவே கரைக்கு வந்து மணலில் மூக்கைக் குத்தி உறுமிக்கொண்டு நின்றது. கிட்டப் போக எல்லோருக்கும் பயம். புத்தகத்தைப் பார்த்து, சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தி, நான்தான் நிறுத்தினேன். அந்த மெசினை நான் தொட்டது அதுதான் முதல் தரம். தொடாத ஒன்றைப் பற்றித்தான் அத்தனை நாளும் அதிகாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரைவலையில் அன்று மீனே இல்லை.

அடுத்த நாள் காலை ஹாஜியார் கொதித்துக்கொண்டு வந்தார். "எழுது புள்ள கொழும்புக்கு. உங்கட புத்தகம் பொய் சொல்லிட்டுது, ஒரு மனிசன்ட உயிர் போகப் பாத்திச்சு எண்டு நல்லாக் காரமா எழுது."

எனக்கும் அதே கோபம்தான். அந்த வரியை அப்படியே எடுத்து எழுதி அவர்கள் முகத்தில் எறிய வேண்டும் என்று புத்தகத்தைத் திறந்தேன். வரி இருந்தது. வரியின் தொடக்கத்தில் மூன்று சிறிய இங்கிலீசுச் சொற்களும் இருந்தன. தமிழில் இரண்டே சொல்.

அமைதியான நீரில்.

புதிதாக அச்சடித்த சொற்கள் அல்ல. கடையில் வாசித்தபோதும் அவை அங்கேயே இருந்தன. நான் கண்டேன், கண்டது நினைவும் வந்தது. படத்தில் மெசினுக்கு அடியில் இருந்தது கண்ணாடி போன்ற ஒரு குளம். அந்தச் சொற்களையும் படத்து அலங்காரத்தோடு சேர்ந்தவை என்று நினைத்துவிட்டேன். தடங்காமல் வாசிக்க வேண்டும், றசீத் காக்காவின் வாயை அடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் தாண்டிப் போய்விட்டேன்.

தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கடையில் என்னைத் தவிர ஒருவருக்கும் இங்கிலீசு தெரியாது. நான் புத்தகத்தை மூடிவிட்டுக் காரமாக ஒரு கடிதம் எழுதினால் எல்லாப் பழியும் கம்பனிக்குப் போய்விடும். நேற்று ஊர் முன்னால் பிழை என்று கத்தியதைக்கூட, பாவம் பிள்ளை, புத்தகம் ஏமாற்றிவிட்டது என்று மன்னித்துவிடுவார்கள். ஹாஜியார் என் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹாஜியார், புத்தகம் பொய் சொல்லல்ல. நான் ரெண்டு சொல்ல விட்டுட்டன்" என்றேன். என்ன சொல் என்றும் சொன்னேன்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். "என்னத்துக்கு விட்ட?"

"பெரிய விசயம் இல்ல எண்டு நினைச்சன்."

"ஆருக்குப் பெரிசில்ல?" என்றார்.

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது அதைவிடக் கடினமானது. "றசீத் வருவான். அவனுக்கு நீயே சொல்லு. எண்ட வாயால சொல்ல மாட்டன்."

பகல் பத்து மணியளவில் புருசனும் பெண்சாதியுமாக இருவரும் வந்தார்கள். சொன்னேன். றசீத் காக்கா தலையைக் குனிந்து கேட்டார். சுபைதா ராத்தாதான் நிமிர்ந்து பார்த்தார்.

"காகிதத்திலயும் இப்புடி விட்டு வாசிச்சியா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் இல்லை என்பது பொய்.

"ஒருக்கா" என்றேன். "காய்ச்சலில ஆசுப்பத்திரியில கிடந்தன் எண்டு காக்கா எழுதியிருந்தார். நீங்க அப்பவே கவலையில சாப்பாடு தண்ணி இல்லாம இருந்தீங்க. அதால விட்டுட்டன்."

சுபைதா ராத்தா கணவரைப் பார்த்தார். "நான் சுகம் கேட்டு ஒரு வரி எழுதல்ல எண்டு அங்க கிடந்து இவர் நினைச்சிருப்பார்!" என்றார்.

"நினைச்சன்தான்" என்றார் றசீத் காக்கா மெதுவாக.

இரக்கத்தில் விட்டாலும் விட்டதுதான். பெருமையில் விட்டாலும் விட்டதுதான். அந்த ஒரு காலையில் இரண்டையும் நேருக்கு நேர் கண்டேன். வாசிக்கத் தெரியாதவர் நம் வாயை நம்பி நிற்கும்போது, எது பெரிசு, எது சிறிசு என்று பிரிக்கும் உரிமை நமக்கு இல்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். பிரிப்பது அவர்கள் வேலை.

எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். றசீத் காக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "திரும்ப வாசி. முதலாவது பக்கத்திலருந்து. தும்மல் இருந்தாலும் விடாத."

வாசித்தேன். மதியம் லுஹர் தொழுகைக்கு நேரம் வரும் வரை வாசித்தேன். விளங்காத சொல் வந்தால் விளங்கவில்லை என்றே சொன்னேன். பார வரி வந்ததும், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவருக்கே தெரியாது. பக்கத்து மில்லில் நெல் நிறுக்கிற தராசில் அவரை ஏற்றினோம். வேலையாட்கள் சிரித்துச் சிரித்துப் படிக்கல் வைத்தார்கள். "ஹாஜியார், இது சம்பா நெல்லா, மொட்டைக்கறுப்பனா?" என்று ஒருவர் கேட்டார். சிவப்பு மெசின் தாங்கும் என்று போட்டிருந்த அளவைவிட அவர் பதினாறு இறாத்தல் கூட இருந்தார்.

"எந்தத் தண்ணியில ஓட்டப் போறீங்க?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"கடல்ல எண்டுதான் நினைச்சன்" என்றார். பிறகு, "களப்பும் இரிக்கி. பொத்துவில் களப்பு. ஏரி மாதிரி ஆடாம அசையாமக் கிடக்கும்."

"அப்ப வெள்ளை மெசின். களப்பில மட்டும். மேற்சட்டையோட."

அவர் படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "எருமை மாதிரியெல்லோ கிடக்கு."

"எருமை தண்ணியில தாழாது, காக்கா."

முதலில் சிரித்தது சுபைதா ராத்தா. சிவப்பு திரும்பிப் போய், வெள்ளை வந்தது. அதையும் எடுக்க முதல் களப்பில் இறக்கி, நானும் கரையில் நின்று பார்த்த பிறகுதான் ஹாஜியார் விற்றார். அன்று முதல் இந்தக் கடையில் அதுவே வழக்கம். உங்களையும் தண்ணீர்க்கரைக்கு அனுப்புவார், முணுமுணுக்காதீர்கள்.

றசீத் காக்கா திரும்பக் கடல் கடந்து போகவில்லை. குடும்பத்தோடு பொத்துவிலில் இருக்கிறார். மகள் இப்போது வாப்பா என்கிறாள். கோபம் வந்தால் மட்டும் "அந்த மாமா" என்கிறாளாம். சுபைதா ராத்தா என்னிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். இனி ஒருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கற்றார்.

நான் இந்தக் கதிரையை விட்டுப் போக நினைப்பது ஏன் என்று கேட்டீர்கள். கடல் இயந்திரம் படிப்பிக்கும் வகுப்பொன்றுக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். படிவத்தில் ஒரு கேள்வி: நீரில் இயந்திரம் இயக்கிய அனுபவம் உண்டா? அதற்கு முன்னால் பேனை நின்றுவிட்டது. வாசித்த அனுபவத்தை எழுதி அந்த இடத்தை நிரப்ப முடியாது. உம்மாவைக் கூட்டிக்கொண்டு பொத்துவிலுக்குப் பஸ் ஏறினேன். அதிகாலையில், ஆட்கள் வராத ஒரு மூலையில், சுபைதா ராத்தா இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னை அந்த வெள்ளை எருமையில் ஏற்றினார். ஏழு தரம் விழுந்தேன். எட்டாம் தரம் எழும்பி நின்றேன். கரையிலிருந்து உம்மா கலிமா சொல்வது கேட்டது. பிறகு திரும்பவும் விழுந்தேன். துரத்தவில்லை. விழுந்த இடத்திலேயே காத்திருந்தேன். மேற்சட்டை என்னை மிதக்க வைத்தது. மெசின் வட்டமடித்தது. மெதுவாக, நேராக, என் கைக்கே வந்தது.

படிவத்தில் அந்தக் கேள்விக்கு எதிரே "உண்டு" என்று எழுதினேன். பக்கத்தில் இடம் போதவில்லை. இருந்தும் நுணுக்கி எழுதினேன்: "அமைதியான நீரில்." நேற்றுக் காலை கல்முனைத் தபாற்கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தேன்.